மொட்டுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி

பிள்ளைக்காம்பராவில் மதியம் என்பது ஒரு தனிப் பொழுது. அதற்கும் கடிகாரத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கஞ்சி குடித்து முடித்த பிள்ளைகளைத் தூளியில் போட்டு ஆட்டத் தொடங்கினால், கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் ஆடுகிறார்களா, நான் ஆடுகிறேனா, வெளியே தேயிலைச் சரிவுதான் ஆடுகிறதா என்று தெரியாமல் போய்விடும். சன்னலைச் சாத்தினாலும் மூடுபனி எப்படியோ உள்ளே வந்துவிடும். அழைக்காமல் வந்த சொந்தக்காரரைப் போலச் சுவரோரம் உட்கார்ந்துகொள்ளும். நானும் அதை ஒன்றும் சொல்வதில்லை.

மஞ்சூருக்குக் கீழே உள்ள எங்கள் எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் கொண்டுவந்த சொல் அது. ஆபீஸ்காரர்கள் வாசலில் ‘குழந்தைகள் காப்பகம்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயரை ஒருவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். அவர்களும் வந்த மாதத்திலேயே ‘காம்பரா’ என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

முதுகில் கூடை சுமந்து பல வருடம் கொழுந்து பறித்தவள் நான். முட்டி தேய்ந்துவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, முன்பிருந்த ஆயா ஓய்வு பெற்ற இடத்தில் என்னைத் தற்காலிகமாக உட்கார வைத்தார்கள். தற்காலிகம் என்பது மலையில் நீளமான சொல். சில வருடம் ஓடிவிட்டது. நானும் மறந்துவிட்டேன், அவர்களும் மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் மழை விட்ட சமயம், ஆபீஸில் வேலை பார்க்கும் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷி. கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் டீ வாங்கிக் கொடுக்கிறவர். டீயைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“ஏனுங்க, நீங்க பத்தாவது பாஸுங்களா?”

“கணக்கு ஒண்ணுதான் போச்சுங்க்கா. மத்ததெல்லாம் பாஸு. தமிழ்ல இஸ்கூல்லயே நான்தான் மொதல்.”

“அந்த ஒண்ணையும் இந்த வருசம் எழுதி முடிச்சுருங்க. காம்பராவுல இருக்கறவங்க பத்தாவது பாஸ் பண்ணியிருக்கோணும்னு புது ரூல் வந்துருச்சு. இல்லீன்னா ஜூன்ல வெளியிலிருந்து ஆள் போட்டுருவாங்க. அப்புறம் நீங்க மறுபடியும் கொழுந்துக்குத்தான் போகோணும்.”

முட்டியைப் பற்றித்தான் அக்கா கவலைப்பட்டார். எனக்கு முட்டி பெரிதில்லை. வலி என்ன, தைலம் தேய்த்தால் கேட்கும். பிள்ளைகளை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? எங்களுக்கு ஒரு பெண் பிறந்து, வீட்டில் தூளி கட்டும் முன்பே போய்விட்டாள். அதற்கு முன்னும் பின்னும் வயிற்றில் தங்கியவை வந்த வழியே போயின. ஊரில் அதற்கு என்னென்னவோ பெயர் சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும் ஜாதி இல்லை நான். நன்றாகத் திருப்பிக் கொடுத்தேன், பிறகு வீட்டுக்கு வந்து அழுதேன். காம்பராவில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை நின்றது. யார் பெற்ற பிள்ளையானாலும் தூங்கும்போது கை என் விரலைத்தானே பிடிக்கிறது. அந்தப் பிடியைக் கணக்குப் பாடத்துக்காக விட மாட்டேன் என்று டீயைக் குடித்து முடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்வது சுலபம். புத்தகத்தைத் திறந்தபோது, பேய் சிதம்பர சக்கரத்தைப் பார்த்த மாதிரி விழித்தேன்.

எங்கள் காலத்துப் புத்தகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அட்டை வழவழப்பு, உள்ளே படங்கள். ஆனால் ஏயும் பியும் மட்டும் அப்படியே இருந்தார்கள். வயதே ஆகவில்லை அவர்களுக்கு. எனக்கு மட்டும் தலை நரைத்துவிட்டது. பழைய பகையாளிகளைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இவர்களை என்ன செய்வது?

மதியத் தூக்க நேரத்தில்தான் படித்தேன். இடது கையில் ஒரு தூளிக் கயிறு, கால் கட்டைவிரலில் இன்னொரு கயிறு, மடியில் புத்தகம். படித்ததை வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்கு ஏறும். பிள்ளைகள் தூங்கும் இடத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமென்றால் ஒரே வழி, பாட்டாகச் சொல்வது. அப்படித்தான் சூத்திரங்கள் எல்லாம் தாலாட்டாயின. ராராரோ போட வேண்டிய இடத்தில் ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் போட்டேன். ஜார்க்கண்ட் பிள்ளைகளுக்கு ராராரோவும் புரியாது, ஹோல் ஸ்கொயரும் புரியாது. இரண்டுக்கும் ஒரே மாதிரி தூங்கின.

அப்படி ஒரு நாள் புரட்டிக்கொண்டிருந்தபோது வந்தது, இரண்டு கனங்களின் கூடுதல்.

ஏ கியூப், பி கியூப். இரண்டு பெரிய பெட்டிகள். முன்பெல்லாம் தேயிலை நிரப்பி அனுப்புவார்களே பலகைப் பெட்டி, அது போல ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் நான் மனதில் வைத்துக்கொண்டேன். இரண்டையும் கூட்டி வைத்திருக்கிறார்கள். அதை இரண்டு அடைப்புக்குறிகளாகப் பிரித்துப் பெருக்கல் ஆக்க வேண்டும். முதல் அடைப்பில் ஏ பிளஸ் பி. அது சுலபம், பெட்டிகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். இரண்டாவது அடைப்பில் மூன்று பேர். ஏ ஸ்கொயர், நடுவில் ஏபி, கடைசியில் பி ஸ்கொயர்.

பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது யார் என்று தெரியாதா எனக்கு? இந்தப் பக்கம் ஒரு இலை, அந்தப் பக்கம் ஒரு இலை, நடுவில் ஒரு மொட்டு. இரண்டு இலை ஒரு மொட்டு என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களைப் பறிக்கப் பழக்கினார்கள். இப்போது கத்தரியால் வெட்டிப் பையில் தள்ளுகிறார்கள், எத்தனை இலை என்று யாரும் பார்ப்பதில்லை. அது வேறு கதை. கைக்குப் பழகியது கைவிட்டுப் போகாது. புத்தகத்தை அப்போதே மூடிவிட்டேன். கனங்களின் கூடுதல் எனக்கு வந்துவிட்டது என்று அன்றைக்கே தாலாட்டில் சேர்த்துவிட்டேன்.

வாரக்கணக்கில் பாடினேன். அந்தப் பாட்டுக்குத்தான் பிள்ளைகள் சீக்கிரம் தூங்கின. பின்னால் நினைத்துப் பார்க்கிறேன், அத்தனை பிள்ளைகளும் தப்பான சூத்திரத்தில் தூங்கியிருக்கின்றன.

தப்பு என்று எனக்குக் காட்டிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எஸ்டேட்டில் கொழுந்து எடை போடுகிறவர் அவர். கணக்கில் தோற்றுப்போய், கூடப் பிறந்த அக்கா வீட்டில் இருக்கலாம் என்று கீழே இருந்து மலைக்கு வந்த நான், முதல் நாள் மூட்டையைச் சுமந்துகொண்டு போய் நின்றது இவர் தராசுக்கு முன்னால்தான். பையின் எடைக்கு இவ்வளவு, பனி ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். நான் பறித்ததை நீ யார் கழிப்பதற்கு என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “அடுத்து” என்றார். அந்த மனுஷனைத்தான் கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே என்னிடம் கழித்தவர் என்று கோபம் வரும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவேன். அதற்கும் அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஒரு சாயங்காலம், அடுப்படியில் உட்கார்ந்து ஈரக் காலுறையைக் காயவைத்துக்கொண்டிருந்தவர், நான் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தார். பன்னிரண்டாவது வரை படித்தவர்.

“அம்மிணி, இங்க மைனஸ் வரோணும்.”

“எங்க?”

“நடுவுல. ஏபிக்கு முன்னால. நீ எல்லாத்துலயும் பிளஸ் போட்டு வெச்சிருக்கற.”

எட்டிப் பார்த்தேன். இந்த மனுஷனுக்கு வேறு வேலை இல்லையா என்றிருந்தது. இரண்டு இலைக்கும் ஒன்றும் செய்யாமல் மொட்டைப் போய்க் கழிப்பார்களா? விலையே மொட்டுக்குத்தான். மொட்டு இருந்தால்தான் தூளுக்கு வாசம் என்று அந்தத் துரை முதல் இந்தத் துரை வரை சொல்லி ஓய்ந்திருக்கிறார்கள்.

“கொழுந்துலதான் கழிச்சீங்க. கணக்குலயும் வந்து கழிக்கோணுமா?”

“நான் கழிக்கலை அம்மிணி. புஸ்தகத்துல அப்புடித்தான் இருக்குது.”

புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். இருந்தது. சின்னக் கோடு, குச்சி மாதிரி. இத்தனை வாரம் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். கண் பார்த்திருக்கிறது, மனசு ஒத்துக்கொள்ளவில்லை. மொட்டுக்கு முன்னால் கழித்தல் குறியை என் கை எழுத மறுத்திருக்கிறது. இந்தத் தப்பைச் சமவெளியில் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

புத்தகத்திலும் தப்பாக அச்சடிப்பார்கள் என்றேன். அவர் வாதாடவில்லை. அவர் எப்போதும் வாதாட மாட்டார், அதுதான் எரிச்சல். தாளைத் திருப்பி எழுதினார். “ஏ ரெண்டு. பி ஒண்ணு. ரெண்டோட கியூப் எட்டு, ஒண்ணோட கியூப் ஒண்ணு. கூட்டுனா ஒம்போது. செரியா?”

“செரி.”

“இப்ப உன்ற சூத்திரத்துல போடு. ஏ பிளஸ் பி மூணு. அந்தப் பக்கம் நாலு பிளஸ் ரெண்டு பிளஸ் ஒண்ணு, ஏழு. மூவேழு?”

இருபத்தொன்று. ஒன்பதைக் கேட்ட இடத்தில் என் மொட்டு இருபத்தொன்றைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. மொட்டைக் கழித்துப் பார்த்தோம். நாலில் இரண்டு போக இரண்டு, ஒன்று சேர்ந்தால் மூன்று. மும்மூன்று ஒன்பது.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒன்பது சரியாக வந்ததில் சந்தோஷப்படுவதற்குப் பதிலாக, இவர் தராசுக்கு முன்னால் நின்ற அந்த முதல் நாள் ஞாபகம் வந்தது. “ஏன் கழிக்கோணும்? அதச் சொல்லுங்க. கழிச்சா செரியா வருதுங்கறது இருக்கட்டும், ஏன் கழிக்கோணும்?” என்றேன்.

அவர் பென்சிலைக் கூராக்கிக்கொண்டார். பிறகு இரண்டு அடைப்புகளையும் பெருக்கி, நீளமாக ஒரே வரியில் எழுதினார்.

a³ − a²b + ab² + a²b − ab² + b³

“பெருக்குனா ஆறு பேர் வர்றாங்க, பாரு. இது மைனஸ், இங்க அதே ஆளு பிளஸ். ரெண்டும் போயிருச்சு.” கோடு போட்டு அடித்தார். “இது பிளஸ், இங்க மைனஸ். இதும் போயிருச்சு. மைனஸ் போட்டாத்தான் நடுவுல வந்தவங்க போவாங்க. நடுவுல வந்தவங்கெல்லாம் போயி, கடைசீல ரெண்டு பேருதான் மிச்சம்.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்ன என்று அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். பென்சில் அப்படியே தாளின் மேல் நின்றது. அடுப்பில் ஒரு விறகு சரிந்தது. நான் அந்த வரியைப் பார்த்தேன். இந்தக் கோடியில் ஒருத்தர், அந்தக் கோடியில் ஒருத்தர், நடுவில் அடித்து விட்ட நான்கு பேர்.

எழுந்து வெளியே போய்விட்டேன். எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு முன்னால் பனி இறங்கியிருந்தது. எதிர்வீட்டு விளக்கு தெரிந்தது, வீடு தெரியவில்லை. எனக்கு வலித்தது. அத்தனை வருடம் கழித்து, ஒரு கணக்குக்குள் இருந்து வந்து வலிக்கும் என்று யார் கண்டது? கணக்கில் எனக்கு ஆறுதல் கிடைத்தது என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். கிடைக்கவில்லை. அந்த வரியை எழுதினவன் கையை முறிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் கழித்தல் குறி எங்கே வரும் என்பது மட்டும் அன்றைக்கு எனக்குள் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒருநாளும் அது இடம் மாறவில்லை.

அவர் வாசலுக்கு வந்தார். என் சால்வையை எடுத்து வந்திருந்தார்.

“சோறு ஆறுது அம்மிணி,” என்றார். வேறொன்றும் சொல்லத் தெரியாது அவருக்கு. உள்ளே போய்ச் சாப்பிட்டோம். அந்தத் தாளை அவர் அடுப்பில் போட்டிருந்தார். அது எங்கே என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் தாலாட்டைத் திருத்தினேன். சூத்திரத்தைத் திருத்துவதைவிட அதுதான் கஷ்டம். ‘பிளஸ்’ என்றால் மெட்டு வழுக்கிக்கொண்டு போகும். ‘மைனஸ்’ என்றதும் குரல் ஒரு படி இறங்கித் தடுக்கும். தடுக்கிய இடத்தில் தூளிக்குள் ஒரு ஜார்க்கண்ட்காரி சட்டென்று கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாள். பல் முளைக்காத வயது, பாட்டு மாறியது தெரிந்துவிட்டது அவளுக்கு. என்ன செய்வது கண்ணு, புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி முதலில் இருந்து தொடங்குவேன். சில நாளில் அவளும் மைனஸுக்குப் பழகிவிட்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு எது படித்தது, எது கனவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆட்டிக்கொண்டே கண் அயர்ந்துவிடுவேன். தேயிலைச் சரிவில் இரண்டு பெட்டிகள் நடந்து போகும். முன்னால் பெரியது, பின்னால் சிறியது. நடுவில் யார் யாரோ வருவார்கள். முகம் தெரியாது. இந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தர் வருவார், அந்தப் பக்கத்திலிருந்து அவரைப் போலவே இன்னொருத்தர் வருவார். எதிரெதிரே வந்து, தொட்டுக்கொண்டு, பனிக்குள் கரைந்து போவார்கள். முதலில் அந்தக் கனவுக்குப் பயந்தேன். பிறகு பயம் விட்டுப்போனது. ஒருமுறை அப்படி வந்தவர்களில் ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, போக வேண்டிய நேரம் என்பது போலப் போனாள். விழித்தபோது கயிறு கையில் தானாகவே ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. வெளியே கேரட் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி வளைவில் ஏறியது. அந்தப் பொழுதில் எனக்குத் துக்கம் இல்லை. இப்படியே உட்கார்ந்திருக்க விட்டால் போதும் என்றுதான் இருந்தது.

பரீட்சை குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். வர வேண்டாம் என்றேன். மஞ்சூர் பஸ்ஸில் உனக்கு வாந்தி வரும் என்றார். வந்தது. எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் கொண்டுவந்திருந்தார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நான் சூத்திரத்தைச் சொல்லிக்கொண்டேன். பின் சீட்டில் இருந்த ஒருவர் ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பள்ளிக்கூட வராந்தாவில் பிள்ளைகள் நின்று கடைசி நேரப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தார்கள். இரட்டைப் பின்னல், ரிப்பன், நெற்றியில் விபூதி, சிலர் கழுத்தில் சிலுவை. என்னைப் போன்ற தனித்தேர்வர்களுக்குக் கடைசி அறை. எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டு நின்றேன். ஒரு பெண் பிள்ளை புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். மூக்கில் வியர்த்திருந்தது.

“உங்க பொண்ணுக்கு எந்த ரூமுங்க ஆன்ட்டி?”

நல்ல பிள்ளை. உதவி செய்யத்தான் கேட்டாள். இருந்திருந்தால் எங்கள் பெண்ணும் இந்த வருடம் பத்தாவதுதான் எழுதியிருப்பாள். அதுவரை நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே இல்லை. சத்தியமாக இல்லை. போடத் தெரியாததால் இல்லை.

“பொண்ணு இல்லீங்க கண்ணு. நான்தான் எழுதறேன்,” என்றேன்.

அவள் ஒரு நொடி விழித்துவிட்டு, “ஆல் த பெஸ்ட் ஆன்ட்டி,” என்று கையை நீட்டினாள். குளிர்ந்த கை. பிடித்துக் குலுக்கினேன். கேட்டுக்கு வெளியே டீக்கடை ஓரம் நின்ற என் வீட்டுக்காரர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து அவருக்கு என்ன தெரிந்தது, என்ன கேட்டது என்று எனக்குத் தெரியாது.

அறைக்குள் டிரைவர்கள், மில்லுக்குப் போய்த் திரும்பிய இளவட்டங்கள், என் வயதில் இன்னும் ஒரு அம்மாள். வினாத்தாளில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்ததை எழுதினேன். திருப்பினால் அங்கே இருந்தது.

காரணிப்படுத்துக: x³ + 27

இருபத்தேழு மூன்றின் கனம். முதல் அடைப்பில் எக்ஸ் பிளஸ் மூன்று. இரண்டாவதில் எக்ஸ் ஸ்கொயர், மூன்று எக்ஸ், ஒன்பது. நடுவில் மைனஸ் போட்டேன். கை தயங்கவில்லை. போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம், நேரம் இல்லை. ஆனாலும் ஓரத்தில் பெருக்கி எழுதிப் பார்த்தேன். ஆறு பேரும் வந்தார்கள். இதில் ஒருத்தரை, அதில் ஒருத்தரை என்று நானே கோடு போட்டு அடித்தேன். நடுவில் வந்தவர்கள் போனார்கள். தாளில் கண்ணீர் விழுந்துவிடாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டேன். கண்காணிப்பாளர் அம்மா பக்கத்தில் வந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், கணக்கு சரியாக வந்துவிட்டது என்றேன்.

மே மாதம் முடிவு வந்தது. எங்கள் லைன் வீடுகளில் போனுக்கு சிக்னல் எடுக்காது; பாக்டரிக்குப் போகும் வழியில் சில்வர் ஓக் மரத்தடியில் நின்றால் எடுக்கும். என் வீட்டுக்காரர் அங்கே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கீழே சரிவில், பார்க்கத் தைரியமில்லாமல், தேயிலைச் செடியில் இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்தார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அது பிறவிக் குணம்.

“பாஸு,” என்றார். “நாப்பத்தொண்ணு.”

ஆபீஸ் அக்காவிடம் நான் ஓடினேன். ஓடினேன் என்று சொன்னால் முட்டி சிரிக்கும், ஆனாலும் ஓடினேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். ஜூன் முதல் காம்பரா எனக்குத்தான், நிரந்தரம், ஆர்டரில் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்றார். அன்றைக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அது நன்றாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது சாயங்காலமாகிவிட்டது. அவர் இல்லை. கதவு திறந்து கிடந்தது. லைனின் அந்தக் கோடியில் பேச்சுக் குரல் கேட்டது.

எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. பத்தாவது ரிசல்ட் வந்த அன்றைக்குப் பாஸான பிள்ளையின் அப்பா வீடு வீடாகப் போய் மிட்டாய் கொடுப்பார். அம்மா கொடுப்பதில்லை, பிள்ளை கொடுப்பதில்லை, அப்பாதான். அன்று எவ்வளவு கூச்சம் உள்ள ஆளும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒவ்வொரு வருடமும் எங்கள் வாசலுக்கும் வருவார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். “சந்தோசமுங்க,” என்பார். வாங்கியதை அவர் தின்று நான் பார்த்ததில்லை.

வாசலில் நின்று பார்த்தேன். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அவர் தீபாவளிச் சட்டையில் இருந்தார். கையில் மஞ்சூர் கடை மைசூர்பாகு டப்பா. எப்போது மஞ்சூர் போனார், எந்தப் பஸ்ஸில் வந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரு வாசலில் நின்று டப்பாவை நீட்டுவார், அடுத்த வாசலுக்கு நகர்வார். இந்த வயதில் எனக்கு மிட்டாய் கொடுத்து மானத்தை வாங்குகிறாரே என்று முதலில் கோபம்தான் வந்தது. கூப்பிட்டு நிறுத்தலாம் என்று வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் அவர் சொல்வது காதில் விழுந்தது. கொழுந்து எடையைச் சொல்லும் குரல் இல்லை அது. அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. மற்ற வீட்டு அப்பாக்கள் எங்கள் வாசலில் நின்று சொன்ன குரல்.

“எங்க ஊட்டுலயும் பத்தாவது பாஸுங்க.”

அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார். அதற்கடுத்த வீட்டிலும். ஜார்க்கண்ட்காரர்கள் வீட்டில் சைகையோடு சொன்னார். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். “சந்தோசமுங்க,” என்றார்கள். யார் பாஸ் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு, அவர் கடைசி வீடு வரைக்கும் போய் முடிக்கட்டும் என்று அங்கேயே நின்றேன்.